அடைப்புக்கு மேல் நிற்கும் அடுக்கு உள்ளே யாருக்கெல்லாம் போகும்?

நகரி தறிக்காரர்

எல்லோருக்கும் வணக்கம். மகள் எட்டாவது படிக்கிறாள். பள்ளியில் இங்கிலீஷ் மீடியம், டியூஷனில் தெலுங்கில் சொல்லித் தருகிறார்கள், வீட்டுக்கு வந்தால் சந்தேகத்தை எங்களிடம் தமிழில் கேட்கிறாள். ராத்திரி தறி நின்ற பிறகுதான் அவளோடு உட்கார முடிகிறது. இந்த வாரம் அடுக்குகள் பாடம் போய்க்கொண்டிருக்கிறது.

கணக்கு இதுதான்: (2க³ப)⁴. சுருக்கி எழுத வேண்டும். போனில் கீபோர்டை மாற்றி மாற்றி அடிக்க முடியவில்லை, அதனால் புத்தகத்தில் இங்கிலீஷ் எழுத்தில் இருக்கும் மாறிகளை க, ப என்றே போடுகிறேன்.

அவள் எழுதியது 2க¹²ப⁴. புத்தகத்தின் பின்னால் இருக்கும் விடை 16க¹²ப⁴. கேட்டால், "க-வுக்கு மேலே 3 இருந்தது, 4ஆல் பெருக்கினேன். ப-வுக்கு மேலே ஒன்றும் இல்லை, 4 போட்டேன். 2 வெறும் நம்பர்தானே அப்பா, அதற்கு எதற்கு அடுக்கு?" என்கிறாள். அடைப்புக்குள் இருக்கிற எல்லாவற்றுக்கும் போகும் என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள், "அப்படியென்றால் (க+ப)²-க்கு க²+ப² என்று எழுதியபோது மிஸ் ஏன் தப்பு போட்டார்கள், அங்கேயும் எல்லாவற்றுக்கும்தானே கொடுத்தேன்" என்று கேட்டுவிட்டாள்.

கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. விதி அப்படி, மனப்பாடம் செய் என்று சொல்லி முடிக்க எனக்கு மனசில்லை. எப்படிச் சொன்னால் அவளுக்குப் புரியும்?

செங்கோட்டை கோச்சிங்

அண்ணா, இது ரொம்பச் சின்ன விஷயம். உள்ளே பெருக்கல் இருந்தால் அடுக்கு எல்லோருக்கும் போகும், கூட்டல் கழித்தல் இருந்தால் போகாது. இந்த ஒரு வரியைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். எண்ணுக்கு மேலே அடுக்கு இல்லையென்றால் அங்கே 1 இருப்பதாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 2 என்பது 2¹, ப என்பது ப¹. 1×4=4, 3×4=12, 1×4=4. ஆக 2⁴க¹²ப⁴, அதாவது 16க¹²ப⁴. முடிந்தது.

கொழிஞ்சாம்பாறை மாஷ்

செங்கோட்டைத் தம்பி சொன்னது சரிதான், விடை வந்துவிடும். ஆனால் அந்தப் பெண் கேட்டது விடையை அல்ல, ஏன் என்று. அதற்குப் பதில் சொல்லாமல் சுவரில் ஒட்டினால் ஒட்டியது சுவரோடுதான் இருக்கும்.

நான் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறவன். பாலக்காட்டுச் சித்தூரைச் சொல்கிறேன், உங்கள் ஆந்திரச் சித்தூர் இல்லை. எங்கள் பிள்ளைகள் எஸ்எஸ்எல்சி வரை தமிழிலேயே எழுதுகிறார்கள். இந்தத் தப்பு இங்கேயும் இதே மாதிரிதான் வருகிறது, 2-ஐ அப்படியே கீழே இறக்கிவிடுவார்கள். நான் முதலில் விதியைச் சொல்வதே இல்லை. நோட்டில் முழுதாக எழுது என்பேன்.

(2க³ப)⁴ என்றால் அந்த அடைப்பை நான்கு முறை பெருக்குகிறோம் என்று மட்டும்தான் பொருள். அதற்கு மேல் அந்தக் குட்டி 4-க்கு எந்தச் சக்தியும் கிடையாது. எனவே

(2க³ப) × (2க³ப) × (2க³ப) × (2க³ப)

இதை எழுதிய பிறகு பென்சிலால் 2-களை மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள். நான்கு வட்டம் வரும். பிறகு ப-க்களை, அதுவும் நான்கு. பிறகு க³ எத்தனை என்று கேளுங்கள், நான்கு, ஒவ்வொன்றிலும் மூன்று க, மொத்தம் பன்னிரண்டு க. இப்போது பெருக்கலில் யார் முன்னால், யார் பின்னால் என்பது முக்கியமில்லை, 2×5-உம் 5×2-உம் ஒன்றுதான். அதனால் 2-களை எல்லாம் ஒரு பக்கம் கூட்டி வரலாம், க-க்களை ஒரு பக்கம், ப-க்களை ஒரு பக்கம். 2×2×2×2 = 16. விடை தானாக வந்து நிற்கும். பாப்பா எழுதிய விடையில் மீதி மூன்று 2-கள் எங்கே போயின என்று கேளுங்கள், அவளே திருத்திக்கொள்வாள்.

(க³)⁴ சில நாள் க⁷ ஆகிறதா, சில நாள் க¹² ஆகிறதா என்றும் பாருங்கள். அனேகமாக ஆகும். அதற்கும் இதே மருந்துதான். க³×க⁴ என்றால் மூன்று க-வோடு நான்கு க சேர்கிறது, ஏழு. (க³)⁴ என்றால் மூன்று மூன்றாக நான்கு கட்டு, பன்னிரண்டு. எழுதிப் பார்த்த பிள்ளைக்கு இந்த இரண்டும் குழம்பாது.

இனி (க+ப)². இதையும் முழுதாக எழுதச் சொல்லுங்கள்: (க+ப)×(க+ப). இங்கே க-வை மட்டும் ஒரு பக்கமும் ப-வை மட்டும் ஒரு பக்கமும் இழுத்து வர முடியுமா? முடியாது, நடுவில் கூட்டல் நிற்கிறது. முதல் அடைப்பில் உள்ள க இரண்டாவது அடைப்பில் உள்ள க-வோடும் பெருக வேண்டும், ப-வோடும் பெருக வேண்டும். அந்தக் கப இரண்டு முறை வருகிறது, அதுதான் நடுவில் இருக்கும் 2கப. க²+ப² என்று எழுதினால் அந்த இரண்டையும் தொலைத்துவிட்டோம் என்று அர்த்தம். எண்ணைப் போட்டே காட்டலாம்: (2+3)² = 25. 4+9 = 13. மீதி 12 எங்கே? 2×2×3.

ஆக இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். அடுக்கு என்பது அடைப்பைத் திரும்பத் திரும்பப் பெருக்குவது. உள்ளேயும் பெருக்கல் என்றால் எல்லாம் ஒரே பெருக்கல் வரிசை ஆகிவிடும், பிரித்து அடுக்கலாம். உள்ளே கூட்டல் என்றால் அப்படி ஆகாது.

வேலந்தாவளம் தோப்பு

மாஷே, நான் கணக்கு ஆள் இல்லை, தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். ஆனால் இந்த 2-ஐ மறப்பது நோட்டில் மட்டும் நடப்பதில்லை. தோப்பில் கனசதுரமாக ஒரு தொட்டி, பக்கம் ஒன்றரை மீட்டர். பெரிதாக ஒன்று கட்ட வேண்டும், எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு போடலாம் என்று பேச்சு வந்தபோது தண்ணீரும் இரண்டு மடங்கு பிடிக்கும் என்றே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பாலிடெக்னிக் படித்த அக்கா மகன்தான் தாளில் போட்டுக் காட்டினான். பக்கம் க என்றால் பழைய தொட்டி க³. புதியது (2க)³, அது 8க³. ஒன்றரை மீட்டரில் 3375 லிட்டர், மூன்று மீட்டரில் 27,000 லிட்டர். எட்டு மடங்கு! சுவரும் தரையுமாக ஐந்து முகம், அதன் பரப்பு 5க²-இலிருந்து 5×(2க)² = 20க² ஆகிறது, நான்கு மடங்கு. செங்கல் பூச்சு நான்கு மடங்கு, தண்ணீர் எட்டு மடங்கு, அந்த எடையைத் தாங்க அடித்தளம் வேறு. அவ்வளவு தண்ணீர் எங்களுக்கு வேண்டாம் என்று அளவைக் குறைத்துக் கட்டினோம்.

பாப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள். 2-க்கும் அடுக்கு உண்டு, அது தண்ணீராக வந்து நிற்கும்.

பாறசாலை பிசிக்ஸ்

தோப்பு அண்ணா சொன்னது அருமையான உதாரணம். பிளஸ் டூ பிள்ளைகளிடமும் இதே கோளாறு இருக்கிறது, அங்கே அது வேறு உருவில் வருகிறது. ஒளியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 3×10⁸ மீட்டர். இதை வர்க்கப்படுத்து என்றால் நன்றாகப் படிக்கிற பிள்ளையே 3×10¹⁶ என்று எழுதிவிடும். 10-க்கு மேலே ஏற்கெனவே 8 இருக்கிறது, அது கண்ணில் படுகிறது, அதை 16 ஆக்கிவிடுகிறார்கள். 3 மேலே எதுவும் இல்லாமல் சும்மா நிற்கிறது, அது அப்படியே தப்பிவிடுகிறது. சரியான விடை 9×10¹⁶. ஒரு கிராம் நிறை முழுவதும் ஆற்றலானால் எவ்வளவு என்ற கணக்கில் 0.001-ஐ இதோடு பெருக்கினால் 9×10¹³ ஜூல். அந்த 3-ஐ மறந்த பிள்ளைக்கு 3×10¹³ வரும், மூன்றில் ஒரு பங்கு. அடுக்கு சரியாக இருப்பதால் விடையைப் பார்த்தால் தப்பு என்றே தெரியாது, அதுதான் இதில் எனக்குப் பெரிய கவலை.

நகரி அண்ணா, எட்டாம் வகுப்பிலேயே இதைக் கவனித்துவிட்டீர்கள், நல்லது. இங்கே பிள்ளைகள் மலையாளம், தமிழ், இங்கிலீஷ் என்று மாறி மாறிக் கேட்கிறார்கள், எந்த மொழியில் சொன்னாலும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். அதனால் மொழியை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

நகரி தறிக்காரர்

மாஷ் சொன்னபடி நேற்று நான்கு அடைப்பும் எழுத வைத்தேன். வட்டமிட்டாள். "ஐயோ மூன்று ரெண்டைக் காணோம்" என்று அவளே சொன்னாள். தொட்டிக் கணக்கும் பிடித்துவிட்டது, பக்கம் மூன்று மடங்கானால் 27 மடங்கா என்று உடனே கேட்டாள்.

இப்போது அடுத்த சிக்கல். (−2க²ப)⁴ ஒரு கணக்கு, அதற்குக் கீழேயே −(2க²ப)⁴. இரண்டுக்கும் ஒரே விடை எழுதியிருக்கிறாள். அத்தோடு என் மச்சான் கம்ப்யூட்டரில் எக்செல் திறந்து −3² போட்டால் 9 வருகிறது என்கிறார், மகளின் கால்குலேட்டரில் −9 வருகிறது. வீட்டில் இதுதான் இப்போது பேச்சு. எது சரி?

குப்பம் கம்ப்யூட்டர்

அண்ணா, உங்கள் வீட்டில் ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எக்செல்லில் =−3^2 என்று அடித்தால் 9தான் வரும். எண்ணுக்கு முன்னால் ஒட்டி நிற்கும் கழித்தல் குறியை அது முதலில் எடுத்துக்கொள்ளும், பிறகுதான் அடுக்கு. ஆனால் அதே எக்செல்லில் =0−3^2 அடித்துப் பாருங்கள், −9 வரும், ஏனென்றால் அங்கே அது கழித்தல் வேலை செய்கிறது. பைதான் புரோகிராமில் −3**2 என்றால் −9 (அங்கே ** என்பதுதான் அடுக்குக் குறி). கணக்குப் புத்தகத்து வழக்கமும் −9தான்: அடுக்கு முதலில், குறி பிறகு. பரீட்சையில் புத்தக வழக்கத்தைத்தான் பார்ப்பார்கள். எக்செல்லில் வேலை செய்யும்போது சந்தேகம் வந்தால் அடைப்புப் போட்டுவிடுவதுதான் என் பழக்கம், =−(3^2) என்று.

கொழிஞ்சாம்பாறை மாஷ்

நன்றாகச் சொன்னீர்கள் தம்பி. பாப்பாவின் கணக்குக்கு வருகிறேன்.

அடுக்கு எதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதோ அதற்கு மட்டும்தான் சொந்தம். (−2க²ப)⁴-இல் அது அடைப்பைத் தொடுகிறது, கழித்தல் குறி அடைப்புக்கு உள்ளே இருக்கிறது. அந்தக் குறியை −1 என்ற ஒரு காரணியாகவே எழுதச் சொல்லுங்கள்: (−1 × 2 × க² × ப)⁴. இப்போது உள்ளே நான்கு பேர். −1-ஐ நான்கு முறை பெருக்கினால் 1. விடை 16க⁸ப⁴. அடுக்கு 3 ஆக இருந்திருந்தால் −1 மூன்று முறை, அது −1, விடை −8க⁶ப³. ஒற்றையா இரட்டையா என்று தனி விதி எதுவும் வேண்டாம், அது தானாகத் தெரியும்.

−(2க²ப)⁴-இல் குறி வெளியே நிற்கிறது. அடைப்பின் வேலை முடிந்து 16க⁸ப⁴ வந்த பிறகு அதன் முன்னால் குறியை வைக்கிறோம்: −16க⁸ப⁴.

இதே போல வெளியே நிற்கும் எண்ணையும் உள்ளே இழுத்துவிடுவார்கள். 4(3க)² என்றால் 4×9க² = 36க². சில பிள்ளைகள் 4-ஐயும் 3-ஐயும் முதலில் பெருக்கி (12க)² ஆக்கி 144க² என்று வந்து நிற்பார்கள். வெளியே நிற்கும் 4-க்கு அந்த வர்க்கத்தில் பங்கில்லை.

செங்கோட்டை கோச்சிங்

மாஷ், மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். எழுதிப் பார், வட்டமிடு என்பதெல்லாம் எட்டாம் வகுப்புக்குச் சரி. என்னிடம் வருகிறவர்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. (2க³ப)⁴ பரவாயில்லை, (கப)⁵⁰ வந்தால் ஐம்பது அடைப்பா எழுதுவார்கள்? கடைசியில் விதிதானே கை கொடுக்கிறது? விதியை நன்றாக மனதில் ஏற்றி நூறு கணக்குப் போட வைத்தால் கை தானாகப் போகும். புரிதல் அதன் பின்னால் வரும். நான் பார்த்தவரை பல பேருக்கு அப்படித்தான் வந்திருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை மாஷ்

தம்பி, விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. (க·ப)^ந = க^ந · ப^ந என்பது என் பிள்ளைகளுக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். எது முதலில் என்பதில்தான் நமக்குள் பேச்சு.

விதியை முதலில் கொடுத்தால் பிள்ளை நினைவில் வைப்பது "அடுக்கு உள்ளே போகும்" என்கிற பாதியை மட்டும்தான். "பெருக்கல் என்றால்" என்கிற நிபந்தனை முதல் வாரத்திலேயே உதிர்ந்துவிடும். அப்புறம் (க+ப)²-ஐ க²+ப² என்று எழுதும், √(க²+ப²)-ஐ க+ப என்று எழுதும், கல்லூரி வரை இது போகிறது. நூறு கணக்குப் போட்ட கைதான் இதையும் எழுதுகிறது, யோசிக்காமல் வேகமாக எழுதுகிறது. சிறிய அடுக்குகளில், 2, 3, 4 வரை, எழுதிப் பார்த்த பிள்ளை ஐம்பது அடைப்பை எழுத வேண்டியதில்லை, கண்ணை மூடினால் ஐம்பது க-வும் ஐம்பது ப-வும் தெரியும்.

இன்னொன்று. மேலே குட்டி எண் போடும் இந்த வழக்கத்தை இன்றுள்ள உருவில் அச்சில் கொண்டுவந்தவர் ரெனே டெக்கார்ட், 1637இல் வெளியான தன் வடிவியல் நூலில். அவரே க³, க⁴ என்றெல்லாம் அடுக்காக எழுதிவிட்டு வர்க்கம் வரும் இடத்தில் பெரும்பாலும் எழுத்தை இரண்டு முறை பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுவார், கக என்பது போல. அடுக்கு என்பது திரும்ப எழுதுவதன் சுருக்கம் என்பது அவருக்கு அவ்வளவு இயல்பாக இருந்தது. நம் பிள்ளைகளுக்குச் சுருக்கம் மட்டும் கிடைக்கிறது, எதன் சுருக்கம் என்பது கிடைப்பதில்லை.

பாறசாலை பிசிக்ஸ்

ரெண்டு பேரும் சொல்வதில் நடுவில் ஒரு வழி இருக்கிறது. நேரம் இல்லாத இடத்தில் சோதித்துப் பார்க்கும் பழக்கம். எல்லா மாறிக்கும் 1 போடு. (2க³ப)⁴-இல் க=1, ப=1 என்றால் 2⁴ = 16. விடையில் போட்டால் 2க¹²ப⁴ வெறும் 2 தரும், 16க¹²ப⁴ 16 தரும். மூன்று வினாடி போதும், கெழு, அதாவது முன்னால் நிற்கும் எண், சரியா என்று தெரிந்துவிடும். அடுக்கையும் பார்க்க வேண்டுமா, க=10, ப=1 போடு. உள்ளே 2000. 2000⁴ என்றால் 16-க்குப் பின்னால் பன்னிரண்டு சுழியம், அதாவது 16×10¹². க-வின் அடுக்கு 12 என்று கண் முன்னால் தெரிகிறது. க⁷ என்று எழுதியவர்களுக்கு ஏழு சுழியம்தான் வரும்.

செங்கோட்டை கோச்சிங்

அக்கா, இந்த 1 போட்டுப் பார்க்கும் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. கொள்குறிக் கேள்வியில் நான்கு விடையில் இரண்டு மூன்றை இதிலேயே கழித்துவிடலாம். வகுப்பில் சொல்கிறேன்.

மாஷ் சொன்னதை யோசித்துப் பார்க்கிறேன். ஆனால் விதியைப் பின்னோக்கி ஓட்டும் கணக்குகளில் வேகம் வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வு மாதிரியானவற்றுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் கொடுப்பது இது: 4¹⁶ × 5²⁵-ஐ விரித்து எழுதினால் எத்தனை இலக்கம்? பெருக்கிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். 4¹⁶ என்பது (2²)¹⁶ = 2³². அதில் 2²⁵-ஐத் தனியே எடு, மீதி 2⁷. இப்போது 2²⁵ × 5²⁵, இரண்டுக்கும் ஒரே அடுக்கு, ஆகவே (2×5)²⁵ = 10²⁵. மொத்தம் 128 × 10²⁵. 128-க்கு மூன்று இலக்கம், பின்னால் 25 சுழியம், 28 இலக்கம். நகரி அண்ணா, பாப்பாவுக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள். விதி உள்ளே போவதை மட்டும்தான் எல்லோரும் சொல்லித் தருகிறார்கள், வெளியே வருவதைச் சொல்வதில்லை. 8⁸ × (0.125)⁸ எவ்வளவு என்று கேட்டால் திகைத்து நிற்பார்கள். 8×0.125 = 1, 1⁸ = 1. அவ்வளவுதான்.

கொழிஞ்சாம்பாறை மாஷ்

இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன் தம்பி. வெளியே வரும் திசையைப் பாடத்தில் அவசரமாகத் தாண்டிவிடுகிறோம், நானும் அடுத்த வகுப்பில் இந்த 4¹⁶ × 5²⁵-ஐ எடுக்கிறேன். அடுக்கு ஒன்றாக இருந்தால்தான் இது நடக்கும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், 2³ × 5²-ஐ 10⁵ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது 8×25 = 200தான்.

வேலந்தாவளம் தோப்பு

எனக்கு ஒரு சந்தேகம். அடுக்கில் கழித்தல் வந்தால்? தங்கை மகள் ஒன்பதாவது, (3க⁻²ப)⁻² என்று ஒரு கணக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இதை எப்படி முழுதாக எழுதுவது? கழித்தல் இரண்டு முறை பெருக்குவது என்று ஒன்று உண்டா மாஷே?

கொழிஞ்சாம்பாறை மாஷ்

நல்ல கேள்வி. கழித்தல் இரண்டு முறை பெருக்க முடியாது. கழித்தல் அடுக்கு என்றால் வகுப்பது: க⁻² என்றால் 1/க². அதனால் (அடைப்பு)⁻² என்பது 1/(அடைப்பு)², அந்த வர்க்கத்தை முழுதாக எழுதலாம், அதே வட்டமிடும் வேலைதான். எழுதிப் பார்த்தால் விதி இங்கேயும் மாறாமல் நிற்கிறது தெரியும்: 3⁻² × க⁴ × ப⁻². க-வின் −2-உம் வெளியே உள்ள −2-உம் பெருகி 4 ஆனது. ஆக க⁴/(9ப²).

இங்கேயும் எண்ணைத்தான் விட்டுவிடுவார்கள், 3க⁴/ப² என்று எழுதுவார்கள். (2க)⁻¹-உம் 2க⁻¹-உம் வேறு வேறு என்பதையும் அந்தப் பெண்ணுக்குக் காட்டுங்கள். முதலாவது 1/(2க). இரண்டாவது 2/க, ஏனென்றால் அங்கே அடுக்கு க-வை மட்டும்தான் தொடுகிறது. அப்புறம் இந்தக் கழித்தல் அடுக்குக் கணக்குகளில் க-வும் ப-வும் சுழியமாக இருக்கக் கூடாது, சுழியத்தால் வகுக்க முடியாதே.

குப்பம் கம்ப்யூட்டர்

மாஷ், நீங்கள் முதலில் சொன்ன ஒரு வரி மனதில் நிற்கிறது, பெருக்கலில் யார் முன்னால் யார் பின்னால் என்பது முக்கியமில்லை என்றீர்கள். எங்களுக்கு இந்த செமஸ்டரில் அணிகள் (மேட்ரிக்ஸ்) இருக்கிறது. அங்கே வரிசையை மாற்றினால் விடை மாறும். அப்படியானால் (அஆ)² = அ²ஆ² என்பது அணிகளுக்குச் சரியாக வராதா?

கொழிஞ்சாம்பாறை மாஷ்

வராது. நீங்களே பிடித்துவிட்டீர்கள், ரொம்ப மகிழ்ச்சி. (அஆ)² என்றால் அஆஅஆ. அ-க்களை ஒன்றாகச் சேர்க்க வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் ஆஅ-வை அஆ என்று திருப்ப வேண்டும், அந்த அனுமதி அணிகளில் பொதுவாக இல்லை.

சின்ன உதாரணம் போட்டுப் பாருங்கள். அ என்ற அணியின் முதல் வரிசை 0, 1, இரண்டாம் வரிசை 0, 0. ஆ-வின் முதல் வரிசை 0, 0, இரண்டாம் வரிசை 1, 0. அ-வைத் தன்னோடு பெருக்கினால் எல்லாம் சுழியம், எனவே அ²ஆ² சுழிய அணி. ஆனால் அஆ-வைப் பெருக்கினால் முதல் வரிசை 1, 0, இரண்டாம் வரிசை 0, 0. அதை வர்க்கப்படுத்தினாலும் அதுவே வரும், சுழிய அணி ஆகாது. இரண்டும் வேறு. அஆ = ஆஅ என்று இருக்கும் அணிகளுக்கு மட்டும் பள்ளிக்கூட விதியை நம்பலாம்.

எண்களிலேயே ஒரு எல்லை இருக்கிறது, செங்கோட்டைத் தம்பிக்கும் இது உதவும். அடுக்கு அரை ஆகும்போது, அதாவது வர்க்கமூலம் எடுக்கும்போது, √(கப) = √க × √ப என்பது க, ப இரண்டும் குறை எண்ணாக இல்லாதபோது எந்தத் தொந்தரவும் செய்யாது. இரண்டும் குறை எண்ணானால் உடைந்துவிடும். √(−4) × √(−9) என்பதைக் கற்பனை எண்களில் போட்டால் 2இ × 3இ, இங்கே இ² = −1, ஆக −6. ஆனால் முதலில் உள்ளே பெருக்கி √36 என்று எடுத்தால் 6. முழு எண் அடுக்குக்கு நாம் அடைப்பை எழுதி எண்ணினோம், அரை அடுக்குக்கு எழுதி எண்ண எதுவும் இல்லை, அதனால் அங்கே அந்த விதியைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கிறது, நிபந்தனையும் சேர்ந்தே வருகிறது.

பாறசாலை பிசிக்ஸ்

இதை நான் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கலப்பெண் தொடங்கும் நாளிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் குறி தலைகீழாகிவிடுகிறது.

நகரி தறிக்காரர்

அணி, கற்பனை எண் எல்லாம் எனக்கு எட்டவில்லை, மகள் பெரியவளானதும் இந்த இழையைத் திரும்ப எடுத்துக் காட்டுகிறேன். அந்த 28 இலக்கக் கணக்கை அவள் அண்ணனோடு சேர்ந்து போட்டுவிட்டாள், 2³² வரை தானே வந்தாள், 2²⁵-ஐப் பிரிக்கும் இடத்தில் மட்டும் அவன் சொல்லிக் கொடுத்தான்.

இன்று வீட்டுப் பாடத்தில் கடைசிக் கணக்கு (2க²ப)³ × (5கப²)². 200க⁸ப⁷ என்று எழுதியிருக்கிறாள். இந்தப் புத்தகத்தில் இதற்கு விடை கொடுக்கவில்லை. சரியா என்று யாராவது சொல்லுங்கள், காலையில் நோட்டைக் கொடுக்க வேண்டும்.

செங்கோட்டை கோச்சிங்

சரி அண்ணா. முதல் அடைப்பு 8க⁶ப³, இரண்டாவது 25க²ப⁴. 8×25 = 200, க-வுக்கு 6+2, ப-வுக்கு 3+4. ரெண்டுக்கும் 1 போட்டுப் பார்த்தாலும் 2³×5² = 200. நோட்டைத் தைரியமாகக் கொடுத்தனுப்புங்கள்.